இடது ஓரத்தில் ஒரு பட்டன்

புடவைக் கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவன் நான். ஒரு அம்மாவுக்கு எந்தப் புடவை பிடித்துவிட்டது என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவேன். பிடிக்காத புடவையை யாரும் குறை சொல்வதில்லை, பேசாமல் தள்ளி வைத்துவிடுவார்கள். பிடித்த புடவையைத்தான் மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு, "பார்டர் ரொம்ப பட்டையா இருக்கே", "இந்தக் கலர் ரெண்டு தண்ணிக்குத் தாங்குமா" என்று இழுப்பார்கள். எல்லாம் விலையைக் குறைக்கத்தான். தி.நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடையில் பேரம் உண்டு. அதனால் இந்த நாடகத்தை ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வெண்டைக்காய் வாங்கினாலும் முதலில் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வாங்குவேன்.

இந்தப் புத்தியால்தான் என் மனைவியின் வேலைக்கு நானே உலை வைத்தேன்.

அவள் பெயர் மணிமொழி. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்தாள். ஜெர்மனியில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லி வைப்பதை, இவள் இங்கே காதில் மாட்டிக் கேட்டு, ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுப்பாள். ஜெர்மன் மொழியில்தான். காலேஜ் படிக்கும்போது ஏதோ ஆசைக்குக் கற்றுக்கொண்டது, பிறகு அதுவே சோறு போட்டது. கீபோர்டைக் குனிந்து பார்க்கவே மாட்டாள். அவள் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும்.

போன மாதம் கம்பெனி ஒரே மெயிலில் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது. இனிமேல் கம்ப்யூட்டரே கேட்டு, கம்ப்யூட்டரே அடித்துக்கொள்ளுமாம். கொடுத்திருந்த லேப்டாப்பையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மணிமொழி ஒரு வாரம் அழக்கூட இல்லை. பீரோவில் இருந்த துணியை எல்லாம் எடுத்து மறுபடி மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு நல்லது நடந்தது. பல வருஷமாக எந்த டாக்டரம்மாவின் ரிப்போர்ட்டை இவள் அடித்தாளோ, அவரே தேடிப்பிடித்து மெயில் போட்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் அடிப்பது பிடிக்கவில்லை, மருந்துப் பெயரை எல்லாம் தப்புத் தப்பாக அடிக்கிறதாம். அவருடைய கிளினிக்குக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஓர் ஆள் வேண்டும். நாலு பேருக்கு டெஸ்ட், அதில் ஒருவருக்கு வேலை. டெஸ்ட் திங்கள்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு. மெயில் வந்த நாளிலிருந்து எண்ணினால் ஒன்பது நாள்.

"அவங்க குரல் எனக்கு மனப்பாடம்ங்க. எங்க இருமுவாங்க, எங்க மூச்சு விடுவாங்கன்னு கூடத் தெரியும்," என்றாள். பிறகு குரலைத் தணித்து, "நாப்பத்தி நாலு வயசுல இத விட்டா எனக்கு வேற எதுவும் இல்ல," என்றாள்.

எங்கள் வீட்டில் வேறு லேப்டாப் கிடையாது. வாங்க வேண்டும். அதற்கென்ன, சென்னையில் இல்லாத லேப்டாப்பா என்று நினைத்தேன். அவள்தான் என்னை உட்கார வைத்து ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள்.

ஜெர்மன் கீபோர்டு நம் ஊர் கீபோர்டு மாதிரி கிடையாது. நமக்கு ஒய் இருக்கிற இடத்தில் அவர்களுக்கு இசட். தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்துகள் வேறு வலது பக்கம் உண்டு. அதெல்லாம் பரவாயில்லை, செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம், எந்த எழுத்து எங்கே என்று விரலுக்குத் தெரியும் என்றாள். பிரச்சினை ஒரே ஒரு பட்டனில்தான். அவர்கள் கீபோர்டில் இடது ஓரத்து ஷிஃப்ட் சின்னதாக இருக்கும். அதை ஒட்டி இன்னொரு பட்டன். இதைவிடக் குறைவு, இதைவிட அதிகம் என்று காட்டும் கூர்மூக்குக் குறிகள் அதில் இருக்கின்றன. நம் கீபோர்டில் ஷிஃப்ட்டே நீளமாகக் காலை நீட்டிப் படுத்திருக்கும், அந்த பட்டன் இருக்காது. ரத்தம், சிறுநீர், சர்க்கரை என்று எந்த ரிப்போர்ட்டை எடுத்தாலும் வரிக்கு வரி அந்தக் குறி வரும்.

"இல்லாத பட்டன எப்படிங்க அமுக்குறது? ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன்ல ஒரு கீபோர்ட வரவழைச்சு மவுஸால தொடணும். டெஸ்ட் அவங்க சாஃப்ட்வேர்ல நடக்குது, வேற எதையும் மாத்த விட மாட்டாங்க. டைம் வேற பாப்பாங்க."

வெறும் கீபோர்டை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று பார்த்தோம். மூன்று வாரம் ஆகும் என்று காட்டியது.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அடையாறில் ஏ.சி. போட்ட ஷோரூமில் டை கட்டிய பையன், "செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம் சார்," என்று நான் முடிப்பதற்குள் ஐந்து தடவை சொன்னான். தாளைக் காட்டினேன். அதையும் பார்த்துவிட்டு ஆறாவது தடவை சொன்னான். பாண்டி பஜாரில் ஒரு கடைக்காரர், ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்றார். இல்லாத பட்டன் மேல் எதை ஒட்டுவது?

ரிச்சி தெருவில்தான் விஷயமே புரிந்தது. வெளிநாட்டு ஆபீஸ்களில் கழித்துப் போட்ட லேப்டாப்புகள் மூட்டை மூட்டையாக இங்கே வருகின்றன. அதில் ஜெர்மனிக்காரன் லேப்டாப்பும் வருகிறது, பிரான்சுக்காரன் லேப்டாப்பும் வருகிறது. ஆனால் அந்தக் கீபோர்டோடு வைத்தால் இங்கே ஒருத்தரும் தொட மாட்டார்கள். அதனால் வந்த கையோடு அதைக் கழற்றி எறிந்துவிட்டு நம் ஊர் கீபோர்டைப் போட்டுவிடுகிறார்கள்.

"போன வாரம்தான் பதினஞ்சு பீஸ் ஜெர்மன் வந்துச்சு. எல்லாத்தையும் மாத்திட்டோமே," என்றார் ஒருவர். அடுத்த கடையிலும் அதே பதில். அதற்கடுத்த கடையில் மாற்றியதைப் பெருமையாக வேறு சொன்னார்கள். மூன்று கடையில் என் இரண்டு காதாலும் கேட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஐந்து நாள் போய்விட்டது. தினமும் வீட்டுக்குள் நுழையும்போது மணிமொழி என் கையைப் பார்ப்பாள். கை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்பாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. காலையில் பால் வாங்கிக்கொண்டு மந்தைவெளி ரயில் நிலையத்துப் பக்கமாக வந்தேன். அங்கே ஒரு சின்ன லேப்டாப் ரிப்பேர் கடை உண்டு. பொன்னுரங்கம் என்பவருடையது. வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. தினமும் தாண்டிப் போகிற கடை என்பதால் அங்கே கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்குத்தான் அவர் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து லேப்டாப்புகளை மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார். சும்மா எட்டிப் பார்த்தேன்.

மேலிருந்து மூன்றாவது திறந்து கிடந்தது. டீ-க்குப் பக்கத்தில் இசட். தலையில் புள்ளி வைத்த எழுத்துகள். இடது ஓரத்தில் சின்ன ஷிஃப்ட். அதை ஒட்டி, அந்த பட்டன்.

போட்டோ எடுத்து மணிமொழிக்கு அனுப்பினேன். அரை நிமிஷத்தில் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. காதோடு வைத்துக் கேட்டேன். "இதேதாங்க! இதேதான்! விட்றாதீங்க!" என்று கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? "அண்ணே, இது எனக்கு வேணும், இப்படியே வேணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறே வார்த்தை. நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தேன்.

"என்ன இது, எழுத்தெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு?"

"அது ஜெர்மனி பீஸு சார். உள்ள சரக்கு சூப்பரா கீது. பேட்டரி மட்டும் புச்சு போடணும்."

"சரக்கு கிடக்கட்டும். இந்தக் கீபோர்ட வெச்சிக்கிட்டு எவன் டைப் அடிப்பான்? வீட்ல லேடீஸ் யூஸ் பண்றது. இதைக் கொண்டுபோய் நீட்டினா என்னைத் துரத்திடுவாங்க."

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர் என்பது முகத்திலேயே தெரிந்தது. "இன்னா சார் பண்றது, அப்டிதான் வருது. வேணா எழுநூறு கொறச்சிக்கோ."

எழுநூறு. எனக்கு உள்ளுக்குள் குஷி. இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் மற்றவர்கள் செய்ததை நான் ஒருவரிடம் செய்து ஜெயித்துவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? வாயில் சனி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போது திரும்பி, "நல்லா க்ளீன் பண்ணி, ஒரு குறையும் இல்லாம குடுங்க. எங்க கடைல புடவை எடுத்தா ஃபால்ஸ் சும்மாவே அடிச்சுக் குடுப்போம், அந்த மாதிரி நீங்களும் பாத்து ஏதாச்சும் செய்ங்க," என்றேன்.

"செஞ்சிடுவோம் சார். பேட்டரி சனிக்கிழம வரும். ஞாயித்துக்கிழம சாயங்காலம் வந்து எட்த்துக்கோ."

மூன்று நாள் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. மணிமொழி மேஜையைத் துடைத்து ஜன்னல் ஓரமாகப் போட்டாள். பழைய ரிப்போர்ட் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே தோசை வார்த்தாள். விரல்கள் அடுப்பு மேடையில் தாளம் போட்டபடியே இருந்தன. நடுவில் ஒரு தடவை, "அவர்கிட்ட நமக்கு எதுக்குன்னு சொன்னீங்கல்ல?" என்று கேட்டாள்.

"சொன்னா விலையை ஏத்திடுவான். அதெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். பொன்னுரங்கம் எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மேஜை மேல் லேப்டாப்பைப் பளபளவென்று துடைத்து, மேலே ஒரு புது மஞ்சள் துணி போர்த்தி வைத்திருந்தார்.

"மேடம், நீங்களே தொறந்து பாருங்க," என்றார். அவர் முகம் பூரித்திருந்தது.

மணிமொழி திறந்தாள். அவள் கீபோர்டைப் பார்க்கவில்லை. பார்த்துப் பழக்கம் இல்லை. இரண்டு கையையும் வைத்தாள். இடது சுண்டுவிரல் ஓரத்துக்குப் போனது. அங்கே நீளமாக ஷிஃப்ட் படுத்துக் கிடந்தது. விரல் ஒரு தடவை தடவிப் பார்த்தது, இன்னொரு தடவை தடவியது. அப்புறம்தான் குனிந்து பார்த்தாள்.

"சார் அன்னிக்கி ரொம்ப ஃபீல் பண்ணிகினு இருந்தாரு மேடம்," என்றார் பொன்னுரங்கம். "லேடீஸ் யூஸ் பண்றது, இந்தக் கீபோர்ட நீட்டினா துரத்திடுவாங்கன்னாரு. எனக்கு மன்சு கேக்கல. ரிச்சி ஸ்டிரீட்டு போய் புச்சா நம்ம ஊரு போர்டு வாங்கியாந்து மாட்டிட்டேன். அதுக்குக் காசு வாணாம். சும்மா."

மணிமொழி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கல்யாணத்தில், ஆஸ்பத்திரியில், சண்டையில் எல்லாம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு தடவையும் பார்த்ததில்லை. அதில் கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். வெறுமனே என்னை யார் என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பழசு எங்க?" என்றேன். "பழைய கீபோர்டு, அது எங்கங்க?"

மேஜைக்கு அடியிலிருந்த கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டாக மடங்கிக் கிடந்தது. அடியில் இருந்த மெல்லிய தாள் கிழிந்திருந்தது. "இந்த மாடல்ல பிளாஸ்டிக்க உருக்கி ஒட்டிக்கிறான் சார். உடைச்சாதான் வரும். ஏன், இன்னா ஆச்சு?"

மணிமொழிதான் சொன்னாள். நாளைக்கு டெஸ்ட் இருப்பதையும், அந்த ஒரு பட்டனையும், ஐந்து நாள் அலைந்ததையும் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். கேட்கக் கேட்கப் பொன்னுரங்கத்தின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. போனை எடுத்தார். "நைனா, ஜெர்மனி போர்டு எதுனா கீதா? கய்ட்டி போட்டது கூடப் பரவால்ல." ஒவ்வொருவராக ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கடை மூடியிருந்தது. மீதிப் பேர் எல்லாரும் மாற்றிவிட்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லிக்கலாமே சார்," என்றார் கடைசியில். திட்டவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். "அப்டியே குட்த்திருப்பேனே. எனக்கும் வேல மிச்சம்."

"விடுங்கண்ணே. உங்க மேல தப்பில்ல," என்று மணிமொழி லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டாள். நான் பையைக் கேட்டேன். கொடுக்கவில்லை.

பாதி வழியில், நடந்துகொண்டே, "எவ்ளோ குறைச்சாரு?" என்றாள்.

"எழுநூறு."

"ம்," என்றாள்.

திங்கள்கிழமை கடைக்கு லீவு சொன்னேன். இருந்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பன்னிரண்டு மணிக்கு அவள் தலையை வாரி முடிந்துகொண்டு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் பார்க்கப் போவதில்லை, இருந்தாலும் கட்டிக்கொண்டாள். ஃபேன் சத்தம் வேண்டாம் என்றாள். அணைத்துவிட்டு வெளியே வந்து கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தாள். மழை பிடித்த மாதிரி சத்தம். என் மணிமொழி. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், இடைவெளியே இல்லை. ஜெயித்துவிடுவாள் என்றுகூட நினைத்தேன். அப்போது சத்தம் நின்றது. மவுஸ் இரண்டு தடவை சொடுக்குகிற ஒலி. மறுபடி மழை. மறுபடி நின்றது. சொடுக்கு, சொடுக்கு. அப்புறம் சொல்லி வைத்த மாதிரி வரிசையாக நிற்க ஆரம்பித்தது. அந்தக் குறி வருகிறது, விரல் போகிறது, அங்கே ஒன்றும் இல்லை. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியவில்லை. எண்ண ஆரம்பித்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவளுக்கு நெற்றி முழுக்க வேர்வை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

"சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு பேஷன்ட்," என்றாள் பாத்திரத்தைப் பார்த்தபடி. "எல்லாமே லேப் ரிப்போர்ட். முப்பது தடவையாவது வந்திருக்கும்."

நான் எண்ணியது நாற்பத்தொன்று. சொல்லவில்லை.

புதன்கிழமை பதில் வந்தது. டாக்டரம்மா மரியாதையாகவே எழுதியிருந்தார். ஒரு தப்புகூட இல்லையாம், ஆனால் கொடுத்த நேரத்தைவிட ஆறு நிமிஷம் கூடிவிட்டதாம். கிளினிக்கின் விதிமுறையை மீறத் தன்னால் முடியவில்லை என்றும், மணிமொழியின் குரலைக் கேட்டதே இல்லை என்றாலும் தனக்கு அவள் பழகியவள் என்றும் எழுதியிருந்தார். மணிமொழி அதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். படித்து முடித்துவிட்டு பீரோவைத் திறந்து, துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மணி, என்னை ரெண்டு திட்டாவது திட்டு," என்றேன். ஒரு போர்வையின் இரண்டு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். மடித்தோம்.

வெள்ளிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஒரு அம்மா மாம்பழக் கலர் பட்டு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, "ஜரிகை மங்கலா இருக்கே," என்று ஆரம்பித்திருந்தார். அப்போது போன் அடித்தது. பொன்னுரங்கம்.

"சார், ஒரு நல்ல சேதி. இப்பதான் பொட்டி பிரிச்சேன். ஜெர்மனி பீஸு ஒண்ணு கீது. அந்த பட்டனோட கீது சார், நானே அமுக்கிப் பாத்துட்டேன். இன்னும் கை வைக்கல. மேடத்துக்கு எட்த்து வெக்கட்டுமா?"

அந்த அம்மா புடவையின் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பொன்னுரங்கம் காத்திருந்தார்.

"எடுத்து வைங்கண்ணே," என்றேன். குரல் எகிறிவிட்டது, பக்கத்து செக்‌ஷன் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு அது வேணும். அப்படியே வேணும். ரொம்ப வேணும்."

"சரி சார், சரி சார். மேடம் டெஸ்ட்டு இன்னா ஆச்சு?"

"முடிஞ்சு போச்சுண்ணே," என்றேன்.